அரைப் புள்ளிக்குப் பின்னால்

“ஃபார்முலா 1 உலகப் போட்டியில் புள்ளி பெற்ற ஒரே பெண் யார்?”

நான் முதலாண்டில் காலடி வைத்த புதிதில், விடுதிக்கு எதிரே உள்ள மாமாக் கடையில், ஒரு மூத்த மாணவர் என்னிடம் கேட்ட கேள்வி இது. அவரும் அவருடைய நண்பர்களும் தீவிரமான கார் பந்தய இரசிகர்கள். தே தாரிக்கும் ரொட்டி சானாயும் மேசைக்கு வருவதற்குள் பத்துக் கேள்விகளாவது பறந்துவிடும். எந்த ஆண்டு, எந்தத் திடல், எந்த அணி, எத்தனை விநாடி வித்தியாசம் என்று ஒருவரை ஒருவர் மடக்குவதுதான் அவர்களின் பொழுதுபோக்கு. பக்கத்து மேசையில் இருந்த நான், “நானும் பந்தயம் பார்ப்பேன் அண்ணா” என்று ஆர்வத்தோடு சொன்னேன். அதற்குக் கிடைத்த மறுமொழிதான் மேற்கண்ட கேள்வி.

எனக்குப் பதில் தெரியவில்லை. “இதுகூடத் தெரியாதா தங்கச்சி?” என்றார் அவர். மேசையில் சிரிப்பொலி எழுந்தது. நானும் சேர்ந்து சிரித்தேன். அவர் கெட்ட எண்ணத்தோடு கேட்கவில்லை என்பதை இன்றும் நம்புகிறேன். ஆயினும், விடுதிக்குத் திரும்பும் வழியில் ஒன்று மனத்தில் தைத்தது. அந்த மேசையில் இருந்த ஆண்கள் எவரும் உள்ளே நுழைய நுழைவுத்தேர்வு எழுதியதில்லை. எனக்கு மட்டும் தேர்வு. அதுவும், ஆண்களின் களத்தில் தனியாகப் போராடிய ஒரு பெண்ணைப் பற்றிய கேள்வியைக் கொண்டே இன்னொரு பெண்ணுக்குக் கதவு சாத்தப்பட்டது.

இக்கட்டுரை அந்த அண்ணாவைக் குறை கூற எழுதப்பட்டதன்று. அவர் இப்போது என் நல்ல நண்பர். இந்தக் கட்டுரையை முதலில் படித்தவரும் அவரே. இரசிகர்கள் தங்களுக்குள் பரிமாறிக்கொள்ளும் வரலாற்றுத் துணுக்குகள் எதற்காக என்பதுதான் நான் எழுப்ப விரும்பும் கேள்வி. அவை வெறும் மனப்பாடமா? அறிவா? அல்லது அறிவுக்குப் போகும் வழியில் இருக்கும் ஒரு வாசற்படியா?

முதலில் துணுக்குகளின் பக்கம் நின்றே பேசுகிறேன். ‘வெட்டிப் பேச்சு’ என்று பலர் ஒதுக்கும் இந்தத் துணுக்குகள் ஓர் அரிய பணியைச் செய்கின்றன. வெற்றி பெற்றவர்களை வரலாறு எப்படியும் நினைவில் வைத்திருக்கும். தோற்றவர்களை நினைவில் வைத்திருப்பவர்கள் இரசிகர்கள்தாம். நம் நாட்டின் முதல் ஃபார்முலா 1 ஓட்டுநரான அலெக்ஸ் யூங்கை எடுத்துக்கொள்வோம். 2001-ஆம் ஆண்டு இத்தாலியின் மோன்சா திடலில் மினார்டி அணிக்காக முதன்முதலில் களமிறங்கினார். 2002-இல் ஆஸ்திரேலியப் பந்தயத்தில் அவர் பெற்ற ஏழாம் இடமே அவருடைய சிறந்த நிலை. அந்நாளில் முதல் ஆறு பேருக்கு மட்டுமே புள்ளிகள் வழங்கப்பட்டன. ஒரே ஓர் இடத்தில் புள்ளி கைநழுவியது. முதல் பத்துப் பேருக்குப் புள்ளி கொடுக்கும் இன்றைய விதிப்படி ஏழாம் இடத்துக்கு 6 புள்ளிகள்! பதிவேட்டில் அவர் பெயருக்கு நேராக இருப்பது சுழியம். அந்தச் சுழியத்திற்கு அருகில் ஒரு கதை இருக்கிறது என்பதைச் சொல்லிக்கொண்டே இருப்பவர்கள் மாமாக் கடை இரசிகர்கள்.

நாராயண் கார்த்திகேயனையும் இங்கே குறிப்பிட வேண்டும். கோயம்புத்தூர்க்காரரான அவர், 2005-இல் ஜோர்டன் அணியில் சேர்ந்து, ஃபார்முலா 1 பந்தயத்தில் ஓடிய முதல் இந்தியர் ஆனார். அதே ஆண்டு அமெரிக்காவின் இண்டியானாபொலிஸ் திடலில் நான்காம் இடம் பெற்று 5 புள்ளிகள் ஈட்டினார். தமிழர் ஒருவர் ஃபார்முலா 1-இல் நான்காவது! கேட்கும்போதே நெஞ்சு நிமிர்கிறது அல்லவா? எனக்கும் அப்படித்தான் நிமிர்ந்தது. பிறகுதான் மீதிக் கதையைப் படித்தேன். அன்று ஓடியவை ஆறே கார்கள். மிஷெலின் நிறுவனத்தின் டயர்கள் அத்திடலின் சாய்வான, அதிவேக வளைவைத் தாங்குமா என்பதற்கு அந்நிறுவனத்தாலேயே உறுதி கூற முடியவில்லை. வெள்ளிக்கிழமைப் பயிற்சியிலேயே ரால்ஃப் ஷூமாக்கரின் கார் அவ்வளைவில் மோதியிருந்தது. ஆகவே, பந்தய நாளன்று அந்த டயர்களைப் பூட்டியிருந்த 14 கார்களும் முன்னோட்டச் சுற்றை முடித்துவிட்டு நேரே கொட்டகைக்குத் திரும்பிவிட்டன.

இந்த மீதிக் கதை கார்த்திகேயனின் 5 புள்ளிகளைச் சிறுமைப்படுத்துகிறதா? இல்லை. அவர் தன் காரைக் கடைசிவரை ஓட்டினார், கிடைத்ததைப் பெற்றார். ஆனால் நான்காம் இடம் என்று மட்டும் சொல்லிப் பெருமை கொள்பவர் பாதி உண்மையைத்தான் கையில் வைத்திருக்கிறார். மீதிப் பாதி, ஓட்டுநர்களின் உயிருக்கும் வணிகத்துக்கும் நடுவே அன்று நடந்த இழுபறியைப் பற்றியது. துணுக்கின் குறைபாடு பொய் சொல்வதன்று. உண்மையைப் பாதியில் நிறுத்திவிடுவது.

பாதி என்றதும் அந்த முதல் கேள்விக்கே திரும்புகிறேன். அன்று இரவு அறைக்குப் போனதும் தேடிப் பார்த்தேன். அவர் பெயர் லெல்லா லொம்பார்டி. இத்தாலியப் பெண்மணி. 1975-ஆம் ஆண்டு ஸ்பெயின் பந்தயத்தில் மார்ச் அணியின் காரை ஓட்டி ஆறாம் இடம் பெற்றார். அவருக்குக் கிடைத்தது ஒரு புள்ளிகூட அன்று, அரைப் புள்ளி. இன்றுவரை உலகப் போட்டி வரலாற்றில் ஒரு பெண் பெற்ற மொத்தப் புள்ளிக் கணக்கு அந்த அரைதான்.

அரைப் புள்ளி என்பது இரசிகர்களுக்கு மிகவும் பிடித்த துணுக்கு. 1984-இல் நிக்கி லவுடா உலக வெற்றியாளரானது அரைப் புள்ளி வித்தியாசத்தில்தான்: அவருக்கு 72, அலென் புரோஸ்டுக்கு 71.5. அந்த ஆண்டு மொனாக்கோவில் கொட்டும் மழையில் பந்தயம் பாதியிலேயே நிறுத்தப்பட்டது. முதலிடத்தில் இருந்த புரோஸ்டுக்கு 9 புள்ளிகளில் பாதியாக 4.5 கிடைத்தது. பந்தயம் முழுமையாக நடந்து அவர் இரண்டாவதாக வந்திருந்தால்கூட 6 புள்ளிகள் பெற்று, உலக வெற்றியாளர் பட்டத்தையும் வென்றிருப்பார். பந்தயத்தை நிறுத்துங்கள் என்று கையசைத்துக் கேட்டவரும் அவரே என்பதுதான் இதில் உள்ள வேடிக்கை. அன்று பந்தயத்தை நிறுத்திய அதிகாரி ஜாக்கி இக்ஸ். அந்த இக்ஸ்தான் லொம்பார்டி அரைப் புள்ளி பெற்ற 1975 ஸ்பெயின் பந்தயத்தில் இரண்டாவதாக வந்த ஓட்டுநர்! இப்படி ஒன்றோடொன்று கோத்துக்கொண்டே போகலாம். இதில் உள்ள இன்பத்தை நான் மறுக்கவில்லை.

ஆனால், ஸ்பெயினில் பந்தயம் ஏன் பாதியில் நின்றது? இந்த இடத்தில்தான் துணுக்கு வாயடைத்துப் போகிறது.

அப்பந்தயம் 1975 ஏப்ரல் 27-ஆம் நாள் பார்சிலோனாவின் மொன்ஜுயிக் பூங்காச் சாலைகளில் நடந்தது. பயிற்சிக்கு வந்த ஓட்டுநர்கள் சாலையோர இரும்புத் தடுப்பு வேலியைப் பார்த்து அதிர்ச்சியடைந்தனர். பல இடங்களில் அது சரியாக முடுக்கப்படாமல் இருந்தது. கையால் அசைத்தாலே ஆடியது. ஓட்டுநர் சங்கம் பயிற்சியில் இறங்க மறுத்தது. அணிகளின் பணியாளர்களே திருகு கருவிகளோடு சாலையோரம் சென்று வேலியைச் சரிசெய்ய முயன்றனர். பந்தயம் ஓடாவிட்டால் கார்கள் பறிமுதல் செய்யப்படும் என்ற மிரட்டல் எழுந்தது. இறுதியில் பெரும்பாலோர் பணிந்தனர். நடப்பு உலக வெற்றியாளரான எமர்சன் ஃபிட்டிபால்டி மட்டும், ஒப்பந்தத்துக்காக மிக மெதுவாகச் சில சுற்றுகள் ஓட்டிக் காட்டிவிட்டுப் பந்தயத்தில் கலந்துகொள்ளாமல் விலகினார். அவருடைய அண்ணன் வில்சனும், ஆர்த்துரோ மெர்சாரியோவும் தொடங்கிய ஒரு சுற்றிலேயே எதிர்ப்பைத் தெரிவித்து வெளியேறினர்.

26-ஆம் சுற்றில், முன்னணியில் இருந்த ரோல்ஃப் ஸ்டொமெலனின் காரின் பின் இறக்கை முறிந்தது. கட்டுப்பாட்டை இழந்த கார் வேலியில் மோதி, எதிர்ப்புறம் பாய்ந்து, வேலியைத் தாண்டி மனிதர்கள் மேல் விழுந்தது. ஸ்டொமெலன் எலும்பு முறிவுகளோடு உயிர் தப்பினார். வேலிக்குப் பின்னால் நின்றவர்கள் மாண்டனர். அதற்குப் பிறகும் கார்கள் ஓடிக்கொண்டுதான் இருந்தன. 75 சுற்றுகள் ஓட வேண்டிய பந்தயம் 29-ஆம் சுற்றில் நிறுத்தப்பட்டது. போதிய தூரம் ஓடாததால் எல்லாருக்கும் பாதிப் புள்ளிகள். ஜொக்கன் மாஸ் முதலாவது. அவருடைய ஃபார்முலா 1 வாழ்க்கையில் அதுவே ஒரே வெற்றி. லொம்பார்டி ஆறாவது. அரைப் புள்ளி பிறந்த கதை இதுதான். ஃபார்முலா 1 அதன்பிறகு மொன்ஜுயிக்குக்குத் திரும்பவே இல்லை.

அன்று மாண்டவர்கள் எத்தனை பேர்? சில நூல்களில் நால்வர் என்று இருக்கிறது. சிலவற்றில் ஐவர் என்று இருக்கிறது. என்னை உலுக்கியது இதுதான். ஒரு விநாடியை ஆயிரமாகப் பிரித்துக் கணக்கு வைத்திருக்கும் விளையாட்டு இது. அரைப் புள்ளியை யாரும் மறக்கவில்லை. முக்கால் என்றோ கால் என்றோ எவரும் மாற்றிச் சொன்னதில்லை. மனித உயிர்களின் எண்ணிக்கை மட்டும் நூலுக்கு நூல் மாறுகிறது.

சில நாள் கழித்து நான் மீண்டும் அந்த மேசைக்குப் போனேன். “லெல்லா லொம்பார்டி” என்றேன். அண்ணா கை தட்டினார். “இப்போது என் முறை. அவருக்கு ஏன் அரைப் புள்ளி? அன்று எத்தனை பேர் இறந்தார்கள்?” என்று கேட்டேன். ஒருவருக்கும் தெரியவில்லை. “சும்மா ஜாலிக்குப் பேசுறோம்லா. இதுல ஏன் சாவுக் கணக்கு?” என்றார் ஒருவர்.

அவருடைய எதிர்ப்பில் நியாயம் இல்லாமல் இல்லை. நாள் முழுவதும் விரிவுரை கேட்டுவிட்டு வருபவர்கள் சிறிது நேரம் சிரித்துப் பேசுவது தவறா? ஒவ்வொரு துணுக்கையும் இரங்கல் கூட்டமாக மாற்ற வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் ‘ஏன்’ என்ற கேள்வி எப்போதும் சோகத்தில்தான் முடியும் என்பதும் சரியன்று. சில வேளைகளில் அது நம் வீட்டு வாசலிலேயே கொண்டுவந்து விடும்.

2009 மலேசியப் பந்தயத்தைப் பாருங்கள். அதுவும் அரைப் புள்ளிப் பந்தயந்தான். அன்று சிப்பாங் திடலின் புல்மேட்டில் மலிவு விலை நுழைவுச்சீட்டோடு நின்று, முழுக்க நனைந்துவிட்டு வந்தவர்களில் என் அப்பாவும் ஒருவர். அப்போது எனக்குப் பள்ளி செல்லும் வயதுகூட ஆகவில்லை. அந்த மழையைப் பற்றி அவர் சொல்லிச் சொல்லித்தான் எனக்குப் பந்தயப் பைத்தியமே பிடித்தது. அப்பந்தயத்தைப் பற்றி எந்த இரசிகரைக் கேட்டாலும் முதலில் வருவது ஐஸ்கிரீம். பந்தயம் நிறுத்தப்பட்டு மற்ற ஓட்டுநர்கள் காரிலேயே காத்திருக்க, கிமி ராய்க்கோனன் அரைக்கால் சட்டைக்கு மாறி ஐஸ்கிரீம் சாப்பிட்டுக்கொண்டிருந்த காட்சி உலகப் புகழ் பெற்றது.

சரி, பந்தயம் ஏன் மீண்டும் தொடங்கவில்லை? மழை மட்டும் காரணமன்று. அந்த ஆண்டு பந்தயம் மாலை 5 மணிக்குத் தொடங்கியது. அதற்கு முந்தைய ஆண்டு தொடக்க நேரம் பிற்பகல் 3 மணி. ஐரோப்பாவில் உள்ளவர்கள் காலையில் வசதியாகத் தொலைக்காட்சியில் பார்ப்பதற்காகவே நேரம் தள்ளிவைக்கப்பட்டது. இந்த நாட்டில் மாலை வேளையில் வானம் எப்படிப் பொத்துக்கொண்டு ஊற்றும் என்பது கொடியில் துணி காயப்போடும் எந்த அம்மாவுக்கும் தெரியும். மழை கொட்டியது, சிவப்புக் கொடி காட்டப்பட்டது, மழை விடுவதற்குள் இருட்டிவிட்டது. 56 சுற்றுப் பந்தயத்தில் 31-ஆம் சுற்றின் நிலையே முடிவாக அறிவிக்கப்பட்டு, ஜென்சன் பட்டன் பாதிப் புள்ளிகளோடு வென்றார். மறு ஆண்டு தொடக்க நேரம் 4 மணியாக்கப்பட்டது.

ஐஸ்கிரீம் மட்டும் தெரிந்தவருக்கு அது ஒரு வேடிக்கைக் காட்சி. காரணத்தையும் தெரிந்தவருக்கு, யாருடைய வசதிக்காக யாருடைய வானிலை பொருட்படுத்தப்படாமல் போனது என்பதும் புரியும். அப்பா நனைந்த கதைக்குப் பின்னால் உலக வணிகம் இருக்கிறது என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது. 2017-இல் சிப்பாங்கில் கடைசி ஃபார்முலா 1 பந்தயம் நடந்தேறியபோது, ‘ஏன் போகிறார்கள்’ என்று வருந்தியவர்கள், ‘எந்த நிபந்தனையில் வந்தார்கள்’ என்பதையும் எண்ணிப் பார்த்திருக்கலாம்.

‘ஏன்’ என்று கேட்கும் பழக்கம் நமக்கு ஏன் குறைவு? நான் தமிழ்ப்பள்ளியில் படித்தபோது, புதிர்ப்போட்டிக்காக ஆசிரியர் கொடுத்த பொது அறிவுத் தாள்களை வரிசையாக ஒப்புவித்துப் பரிசு வாங்கியவள். பிறகு தேசிய இடைநிலைப்பள்ளியில் எஸ்.பி.எம். வரலாற்றுக்காக ஆண்டுகளையும் பெயர்களையும் மலாயில் மனனம் செய்தேன். மொழி மாறியது, முறை மாறவில்லை. யார், எங்கே, எப்போது, எத்தனை என்பவற்றுக்கு மதிப்பெண் உண்டு. ‘ஏன்’ என்பதற்கும் நான்கு வரி விடை தயாராக இருக்கும்; அதையும் மனனம் செய்துவிடலாம். மாமாக் கடை மேசையிலும் நாங்கள் அதே பள்ளிக்கூடத்தைத்தான் நடத்திக்கொண்டிருந்தோம். மனனம் செய்தவர் உள்ளே; செய்யாதவர் வெளியே.

இங்கேதான் துணுக்கு ஆயுதமாகிறது. அறிவைப் பகிர்வதற்குக் கேட்கும் கேள்வி ஒரு வகை. ஆளை அளப்பதற்குக் கேட்கும் கேள்வி இன்னொரு வகை. சொற்கள் ஒன்றாகவே இருக்கும். கேட்பவரின் நோக்கம் வேறு. உலகப் போட்டியின் வரலாற்றில் இதுவரை ஐந்து பெண்கள் மட்டுமே பந்தயத்துக்குப் பெயர் கொடுத்து வந்திருக்கின்றனர். 1958-இல் மரியா தெரேசா தெ ஃபிலிப்பிஸ், அடுத்து லொம்பார்டி, டிவினா கலிக்கா, டெசிரே வில்சன், 1992-இல் ஜொவானா அமாத்தி. இவர்களுள் பந்தயத்தைத் தொடங்கியவர்கள் முதல் இருவரே. மற்ற மூவரும் தகுதிச் சுற்றைத் தாண்ட இயலவில்லை. ‘பெண்களால் முடியாது’ என்பதற்கு இதைச் சான்றாகக் காட்டுபவர்கள் உண்டு. அதே டெசிரே வில்சன் 1980-இல் இங்கிலாந்தின் பிராண்ட்ஸ் ஹேட்ச் திடலில், பிரிட்டிஷ் ஃபார்முலா 1 தொடரின் பந்தயமொன்றில் ஆண்களை வென்று முதலிடம் பெற்றார் என்பதை அவர்கள் சொல்வதில்லை. அது உலகப் போட்டிக் கணக்கில் சேராது. ஆகவே கேள்வித்தாளிலும் வராது. எதைக் கேட்கிறோம் என்பதைப் போலவே எதைக் கேட்காமல் விடுகிறோம் என்பதும் வரலாற்றை எழுதுகிறது.

அப்படியானால் துணுக்குகளைக் கைவிட வேண்டுமா? கூடாது. லொம்பார்டியைப் பற்றி அன்று அண்ணா கேட்டிராவிட்டால், மொன்ஜுயிக்கின் ஆடிய வேலியைப் பற்றி நான் இன்றுவரை அறிந்திருக்க மாட்டேன். துணுக்கு ஒரு கதவு. கதவைக் கழற்றிவிடச் சொல்லவில்லை, திறந்து வைக்கச் சொல்கிறேன்.

எங்கள் மேசையில் இப்போது ஒரு வழக்கம் உருவாகியிருக்கிறது. கேள்வி கேட்பவர் விடையோடு ஒரு ‘ஏன்’ அல்லது ‘பிறகு என்ன ஆயிற்று’ என்பதையும் சொல்லியாக வேண்டும். சொல்ல முடியாதவர் அன்றைய தே தாரிக்குப் பணம் கட்ட வேண்டும். முதல் மாதத்தில் அதிகமாகப் பணம் கட்டியவர் அண்ணாதான்! இரண்டாவது நான். புதிதாக வருபவரிடம் சோதனைக் கேள்வி கேட்பதில்லை, “நீ முதலில் பார்த்த பந்தயம் எது?” என்றுதான் கேட்கிறோம். அதற்கு எல்லாரிடமும் விடை இருக்கிறது.

நம் கழகத்தின் புதிர்ப்போட்டியிலும் இதைச் செய்து பார்க்கலாம் என்பது என் கருத்து. ‘இந்நூலை எழுதியவர் யார்’ என்ற கேள்விக்கு இரண்டு புள்ளி கொடுங்கள். ‘அவர் ஏன் எழுதினார், யார் எதிர்த்தார்கள்’ என்று சொல்பவருக்கு ஐந்து கொடுங்கள். போட்டி சற்று நீளும், நடுவர்களுக்கும் தலைவலிதான். ஆனால் மணியை முதலில் அடித்தவரே அறிவாளி என்ற எண்ணம் கொஞ்சமாவது குறையும்.

லெல்லா லொம்பார்டி 1992-இல் மறைந்தார். அவருடைய அரைப் புள்ளியை முந்த அதன்பிறகு எந்தப் பெண்ணுக்கும் வாய்ப்புக் கிட்டவில்லை. என்றாவது ஒரு பெண் முந்துவார். அன்று கேள்வியின் விடையும் மாறிவிடும். வேலிக்குப் பின்னால் நின்று உயிரிழந்தவர்களின் கணக்கு மட்டும் மாறப்போவதில்லை. அது நால்வரா ஐவரா என்பதையாவது நாம் ஒழுங்காகத் தேடித் தெரிந்துகொள்வோம், நண்பர்களே.